பனிச்சறுக்குத் தலங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பனிச்சறுக்குத் தலங்களுக்குப் போய்வந்தவர்களும், இனிமேல் போகத் திட்டமிட்டிருப்பவர்களும் அனுப்பிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. நீளமானவற்றைச் சுருக்கியும், ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கியும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஒரே தலத்தைப் பற்றி ஒருவர் ‘சொர்க்கம்’ என்று எழுதுகிறார், மற்றொருவர் ‘பணம் தண்டம்’ என்கிறார். யாரை நம்பித் திட்டமிடுவது?

இருவரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே படியுங்கள். ஆனால் எழுதியவர் எந்த மாதத்தில் போனார், வாரத்தின் எந்த நாளில் லிஃப்ட் (சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவட ஊர்தி) வரிசையில் நின்றார், அதற்கு முன் ஸ்கீயில் (காலில் மாட்டிச் சறுக்கும் நீண்ட பட்டையில்) கால் வைத்துப் பழகியவரா என்ற மூன்றும் தெரியாமல் எந்த அனுபவக் குறிப்பையும் எடைபோட முடியாது. ஆல்ப்ஸ் மலைத் தலங்களில், ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆளரவமில்லாமல் கிடக்கும் அதே சரிவு, பள்ளி விடுமுறைகள் வரும் பிப்ரவரியில் கூட்டத்தால் நிரம்பி வழியும். மார்ச் கடைசியில் போனவர் காலையில் கண்ணாடி போல் இறுகிய பனியையும் பிற்பகலில் கூழாகிப்போன பனியையும் பார்த்திருப்பார். ஜனவரியில் போனவர் அந்த இரண்டையும் பார்த்திருக்க மாட்டார்.

தேர்ந்தவர்களின் குறைகளைத் தலைகீழாகப் படிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். ‘பாதைகள் எல்லாம் சப்பென்று இருக்கின்றன, சவாலே இல்லை’ என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், முதன்முறை போகும் குடும்பத்துக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

பாதைகளின் நிறக் குறியீட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவில் பொதுவாகப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் கடினம் கூடும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று போகும். ஆஸ்திரியா, ஜெர்மனி போன்ற நாடுகளில் நீலப் பாதையின் சரிவு சுமார் 25 சதவீதத்தையும், சிவப்புப் பாதையின் சரிவு சுமார் 40 சதவீதத்தையும், சிறு பகுதிகள் நீங்கலாக, தாண்டக் கூடாது என்ற அளவுகோல் உண்டு. உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு கிடையாது. ஆகையால் ஓரிடத்தில் நீலப் பாதையில் எளிதாக இறங்கியவர் இன்னோரிடத்தின் நீலப் பாதையில் திணறுவது இயல்பே.

நாம் தேடிப் படிக்க வேண்டிய செய்தி வேறொன்று: கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவு ஊரை ஒட்டி இருக்கிறதா, அல்லது லிஃப்டில் ஏறிப் போக வேண்டிய உயரத்தில் இருக்கிறதா? மாலையில் ஊருக்குத் திரும்பும் பாதை எளிதானதா, இல்லையென்றால் லிஃப்டிலேயே கீழே இறங்க அனுமதி உண்டா? ‘மோசமான அனுபவம்’ என்று வரும் கடிதங்களில் பல, களைத்துப்போன புதியவர் ஒருவர் மாலை நான்கு மணிக்குச் சிவப்புப் பாதையின் நடுவில் மாட்டிக்கொண்ட கதையாகவே இருக்கின்றன.

கேள்வி: வாடகைக்கு எடுத்த பூட்ஸ் முதல் நாளே காலைக் கடித்துவிட்டது. பெரிய அளவாக மாற்றிக் கேட்டேன். அதன் பிறகு ஸ்கீ என் சொல்பேச்சே கேட்கவில்லை. கோளாறு எங்கே?

பெரிய அளவு கேட்ட இடத்தில்தான். முதல் நாளைக் கெடுப்பதில் பூட்ஸுக்கு நிகரான பொருள் இந்த விளையாட்டில் இல்லை. அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறோம்.

ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. பாதம் 26.5 சென்டிமீட்டர் என்றால் பூட்ஸின் அளவும் 26.5. அன்றாடம் அணியும் காலணியின் எண்ணைச் சொல்லி வாங்காமல், கடையிலேயே பாதத்தை அளக்கச் சொல்லுங்கள். காலை உள்ளே விட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனிகள் முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும்; முழங்காலை முன்னோக்கி மடக்கியதும் குதிகால் பின்னால் ஒட்டிக்கொண்டு, விரல்கள் முன்புறத்திலிருந்து விலக வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் விரல் இடிக்கிறதே என்று பயந்து பெரிய அளவைக் கேட்பவர்கள்தாம் அதிகம். பெரிய பூட்ஸுக்குள் பாதம் மிதக்கிறது; முழங்காலைத் திருப்பினால் பூட்ஸ் திரும்புவதற்குள் ஒரு நொடி கடந்துவிடுகிறது; அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தக் கொக்கிகளை மேலும் மேலும் இறுக்குகிறோம், பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகிறது. கடிப்பதற்கும் மரப்பதற்கும் பெரும்பாலும் இதுவே மூலம்.

காலுறை ஒன்றுதான், அதுவும் மெல்லியது, முழங்கால்வரை ஏறுவது. குளிருக்கு அஞ்சி இரண்டு ஜோடி போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிடும். உள்ளே அணியும் வெப்ப உடையின் விளிம்பைப் பூட்ஸுக்குள் செருகவே கூடாது. அந்த ஒரு மடிப்பு மதியத்துக்குள் கணுக்காலில் காயம் உண்டாக்கிவிடும். கொக்கிகளை மாட்டும்போது, முதலில் குதிகாலைத் தரையில் ஓரிரு முறை தட்டிப் பின்னால் அமர்த்திவிட்டு, கணுக்காலுக்கு அருகிலுள்ளதை முதலில் மாட்டிவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போக வேண்டும். பாதத்தின் மேலுள்ள இரண்டும் மூடியிருந்தால் போதும், இறுகியிருக்கத் தேவையில்லை.

இன்னொன்று. வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, பழக்கம் ஆகியவற்றைக் கேட்பது வெறும் சம்பிரதாயத்துக்காக அல்ல. விழும்போது பூட்ஸை ஸ்கீயிலிருந்து விடுவிக்கும் பைண்டிங் எந்த விசையில் திறக்க வேண்டும் என்பதை இந்த விவரங்களையும் பூட்ஸின் அடிநீளத்தையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாதபோது கழன்றுகொள்ளும். கெத்துக்காக ‘நன்றாகச் சறுக்குவேன்’ என்று சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலின் தசைநார் விலை கொடுக்கும்.

கேள்வி: நண்பர்களே கற்றுத் தருவதாகச் சொல்கிறார்கள். பயிற்றுநர் தேவையா?

தேவை. முதல் இரண்டு அரை நாட்களுக்காவது.

நண்பர்களின் அன்பில் குறையில்லை; அவர்களுக்குத் தங்கள் உடல் எப்படித் திரும்புகிறது என்பது எப்போதோ மறந்துபோயிருக்கும் என்பதே சிக்கல். சரிவைக் கண்டதும் எல்லோருடைய உடலும் பின்னோக்கிச் சாய்கிறது. அச்சத்தில் அதுவே பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் பின்னால் சாய்ந்ததும் ஸ்கீயின் முன்பகுதி பனியைப் பற்றுவதை விட்டுவிடுகிறது, திருப்பமும் நிறுத்தமும் கையை விட்டுப் போகின்றன, வேகம் கூடுகிறது, மேலும் பின்னால் சாய்கிறோம். கணைக்கால் எலும்பு பூட்ஸின் முன்நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே நின்று நினைவூட்ட ஒருவர் வேண்டும். ஸ்கீக்களின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து வேகத்தைக் குறைப்பது, பக்கவாட்டில் விழுவது, விழுந்தபின் ஸ்கீக்களைச் சரிவுக்குக் குறுக்காகக் கீழ்ப்பக்கம் வைத்துக்கொண்டு எழுவது ஆகிய மூன்றும் வசப்படும்வரை, நகரும் கம்பளம் ஓடும் தொடக்கநிலைச் சரிவை விட்டு நகராதீர்கள். ‘வா, மேலே காட்சி பிரமாதமாக இருக்கும்’ என்ற அழைப்புக்கு இரண்டாம் நாள் இணங்கினால் போதும்.

கேள்வி: நாற்காலி லிஃப்டில் ஏறும்போது விழுந்து, லிஃப்டையே நிறுத்திவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

நாள்தோறும் நடப்பதுதான், இயக்குபவரின் கை நிறுத்தும் பொத்தானுக்கு அருகிலேயே இருப்பது அதற்காகத்தான். முதல் நாற்காலி லிஃப்டுகள் 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள சன் வேலியில் ஓடத் தொடங்கின. கப்பலில் வாழைத்தார்களை ஏற்றும் கொக்கிக் கம்பிவடத்தைப் பார்த்து, தாருக்குப் பதிலாக மனிதரை உட்காரவைத்தால் என்ன என்று ஜேம்ஸ் கரன் என்ற பொறியாளர் யோசித்ததன் விளைவு அது. நாம் இன்றும் ஏறக்குறைய அந்தத் தார்களைப் போலத்தான் அள்ளப்படுகிறோம்.

அடுத்த முறை வரிசையின் முகப்பிலேயே இரண்டு ஊன்றுகோல்களையும் ஒரே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வாரைக் கழற்றிவிடுங்கள். முன் நாற்காலி கடந்ததும் தயங்காமல் கோடு வரை நகர்ந்து, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, இருக்கை தொட்டதும் உட்காருங்கள். மெதுவாக ஓட்டச் சொல்லிக் கை காட்டினால் குறைத்து ஓட்டுவார்கள். இறங்குமிடத்தில் விழுந்துவிட்டால், முதலில் உருண்டாவது வழியை விட்டு விலகுங்கள், எழுவது பிறகு.

கேள்வி: முழு வாரத்துக்கும் பாஸ் வாங்கினோம். பலத்த காற்று என்று இரண்டு நாட்கள் மேல் லிஃப்டுகள் ஓடவில்லை. திறந்த பாதைகளிலும் ஓரத்தில் புல் தெரிந்தது. இது ஏமாற்று வேலை இல்லையா?

காற்றைப் பொறுத்தவரை இல்லை. திறந்த முகட்டைக் கடக்கும் கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியும் கூண்டும் பக்கவாட்டுக் காற்றில் ஆடித் தூணில் மோதலாம் என்பதால், குறித்த அளவைக் காற்று தாண்டியதும் நிறுத்தியே ஆக வேண்டும். இரவு கனத்த பனி பொழிந்திருந்தால், பனிச்சரிவு அபாயமுள்ள முகடுகளில் வெடி வைத்துப் பனியைச் சரித்துவிட்ட பிறகே பாதையைத் திறப்பார்கள். வானம் தெளிவாக இருக்கும் காலையில் லிஃப்ட் ஓடாததைப் பார்த்துப் பலர் கொதிப்பது இதை அறியாததால்தான். பெரும்பாலான தலங்களின் பாஸ் விதிகளில், சில லிஃப்டுகள் மட்டும் மூடினால் பணம் திரும்பாது என்றுதான் இருக்கும். வாங்குவதற்கு முன் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, வானிலை நிலையாக இல்லாத வாரங்களில் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே எடுப்பது புத்திசாலித்தனம். அதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம்.

புல் தெரிந்த விஷயத்தில் உங்கள் கோபத்துக்குப் பாதி நியாயம் உண்டு. தலங்கள் வெளியிடும் பனி அறிக்கையில் மலையுச்சியில் ஓர் அளவும், ஊர்மட்டத்தில் ஓர் அளவும் இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது உச்சியின் அளவு. நாம் பார்க்க வேண்டியது கீழ் அளவை. செயற்கைப் பனி இருக்கிறதே என்பார்கள். நீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சி, துளிகள் தரையைத் தொடுமுன் உறையவைக்கும் அந்தப் பீரங்கிகளுக்கும் குளிர் வேண்டும். காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். ஈரக்காற்று வீசும் மிதமான வாரத்தில், பீரங்கிகள் இருந்தும் பயனில்லை. ஆகவே தாழ்ந்த உயரத்திலுள்ள தலத்தை டிசம்பர் தொடக்கத்துக்கோ ஏப்ரலுக்கோ மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவுசெய்வது சூதாட்டமே.

கேள்வி: பின்னாலிருந்து வந்த ஒருவர் என்மேல் மோதிவிட்டு, ‘நீங்கள் திடீரென்று திரும்பினீர்கள்’ என்று என்னையே குற்றம் சொன்னார். யார் பொறுப்பு?

அவர்தான். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இல் வகுத்த பத்து நடத்தை விதிகள் இன்றும் உலகின் பெரும்பாலான சரிவுகளில் அடிப்படையாக இருக்கின்றன. ஐரோப்பிய நீதிமன்றங்களும் வழக்குகளில் அவற்றை அளவுகோலாகக் கொள்கின்றன. முன்னால் போகிறவருக்கே வழி உரிமை. பின்னால் வருபவர், முன்னவர் தாமாக விரும்பித் திரும்பினாலும் தடுமாறித் திரும்பினாலும் இடிக்காதபடி இடைவெளி விட்டே தம் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரே பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காரருக்கும் அதே விதிதான்.

ஆனால் நீங்கள் நின்றிருந்த இடத்திலிருந்து புறப்பட்டு பாதைக்குள் நுழைந்த தருணத்தில் மோதல் நிகழ்ந்திருந்தால் கதை மாறும். புறப்படுபவர் மேலும் கீழும் பார்த்துவிட்டே நகர வேண்டும். குறுகிய இடத்திலோ, மேலிருந்து வருபவருக்குத் தெரியாத மேட்டுக்குக் கீழேயோ நின்று இளைப்பாறுவதும் விதிமீறல்தான். மோதல் நடந்தால் சம்பந்தப்பட்டவர்களும் சாட்சிகளும் பெயர், முகவரி தர வேண்டும் என்கிறது பத்தாவது விதி. காயம் இருந்தால் மேற்புறத்தில் இரண்டு ஸ்கீக்களைக் குறுக்காக நட்டு வருபவர்களை எச்சரித்துவிட்டு, மீட்புக்குழுவை அழையுங்கள்.

கேள்வி: உச்சி நிலையத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தன. குளிரா, உயரமா?

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் உயரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம். 4,000 மீட்டரில் சுமார் 60 சதவீதம். காஷ்மீரின் குல்மார்கில் சுமார் 2,650 மீட்டரில் இருந்து புறப்படும் கோண்டோலாவின் (கூண்டு லிஃப்டின்) இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. சுவிட்சர்லாந்திலுள்ள செர்மாட்டின் மிக உயர்ந்த கம்பிவட நிலையம் 3,883 மீட்டரில் இருக்கிறது. நடந்து ஏறினால் நாட்கணக்காகும் உயரத்தைத் தேநீர் ஆறுவதற்குள் கடந்துவிடுவதால், உடலுக்குப் பழகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை.

மேலே சிறிது நேரம் இருந்துவிட்டு இறங்குவதைப் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள். இரவு தூங்கும் உயரமே முக்கியம். வந்து சேர்ந்த முதல் நாள் நடமாட்டத்தைக் குறைத்து, நிறைய நீர் குடித்து, மதுவைத் தவிர்த்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். சரியாகவில்லை என்றால் கீழே இறங்குவதே மருந்து. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: வெயிலே இல்லாத நாளிலும் முகம் கருகிவிட்டது, இரவெல்லாம் கண் எரிந்தது. இது எப்படி?

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 சதவீதம் கூடுகிறது; புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்புகிறது. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கதிர் கீழிருந்தும் வருவதால் மூக்கின் அடிப்புறமும் தாடையின் கீழும் வெந்துபோகும். அங்கே கிரீம் தடவ யாருக்கும் தோன்றுவதில்லை. கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோன்ற எரிச்சல், கதிர்பட்டுச் சில மணி நேரம் கழித்தே தொடங்கும் என்பதால்தான் உங்களுக்கு இரவில் தெரிந்தது. காகிள்ஸை மேகமூட்டமான நாளிலும் கழற்றாதீர்கள். ஒளி மங்கிய நாளில் மேடுபள்ளம் தெரிய, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடி உதவும்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை: மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 20. சறுக்கும் வேகமே காற்றை உண்டாக்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துக்கொண்டு சில்லிடவைக்கும். உடன் வருபவரின் கன்னத்திலோ மூக்கிலோ வெண்ணிறத் திட்டு தெரிந்தால் உடனே உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு அது உணர்வில் தெரியாது.

கேள்வி: கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால், யாரும் மிதிக்காத பனியில் நாலைந்து பேர் சறுக்கிய தடம் தெரிந்தது. அவர்கள் போன வழியில் நாமும் போகலாம்தானே?

கூடாது. தடம் இருப்பதால் அந்தச் சரிவு பாதுகாப்பானது என்று பொருளல்ல. ஐந்தாவது ஆளின் எடையிலும் இறுகிய பனிப் பாளம் உடைந்து சரியலாம். சுமார் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வுகளில்தான் பாளப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் புறப்படுகின்றன. மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் குழுவினரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவிலேயே சிக்குகிறார்கள். ஐரோப்பிய அபாய அளவுகோலில் ஐந்து நிலைகள் உண்டு. ‘மூன்றுதானே, நடுத்தரம்’ என்று நினைப்பது கொடிய தவறு. மூன்றாம் நிலைக்கே ‘கணிசமான அபாயம்’ என்று பெயர். புதையுண்டவரை முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். அதற்கு ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவுகோல் மூன்றும் இருந்து, அவற்றில் பயிற்சியும் வேண்டும். இவை இல்லாமல், மலை வழிகாட்டியும் இல்லாமல் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கு ஹெல்மெட் கட்டாயமா? பயணக் காப்பீடு போதுமா?

நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலி 2022 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட்டையும், எல்லோருக்கும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டையும் கட்டாயமாக்கியது. பின்னர் ஹெல்மெட் விதியை எல்லா வயதினருக்கும் விரித்தது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரியவர்களும் அணிவதே முறை. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் குளிர்கால விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். சரிவிலிருந்து மீட்பதற்கும் ஹெலிகாப்டருக்கும் ஆகும் செலவு, எல்லைக்கு வெளியே சறுக்குவது ஆகிய இரண்டையும் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சறுக்க விரும்பாத வயதான பெற்றோரையும் அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. பல தலங்களில் நடந்து செல்பவர்களுக்கென்று தனி லிஃப்ட் சீட்டும், சமன்செய்த நடைபாதைகளும் இருக்கின்றன. கூண்டு வடிவ கோண்டோலா இருக்கும் தலமாகத் தேர்ந்தெடுங்கள். நாற்காலி லிஃப்டில் நடந்து ஏறி இறங்க எல்லா இடங்களிலும் அனுமதிக்க மாட்டார்கள். கனமான பூட்ஸை விட, அடியில் பற்கள் பொருத்திய காலணி உறை அவர்களுக்கு அதிகம் பயன்படும். ஊர்த்தெருவின் பனிக்கட்டியில் வழுக்கி விழும் ஆபத்து அவர்களுக்குச் சரிவில் இருப்பதைவிடக் கூடுதல். கீழிறங்கும் கடைசி லிஃப்டின் நேரத்தை மேலே ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் நிலையப் பணியாளரைத் தேடிச் சொல்ல வேண்டுமே தவிர, சறுக்குப் பாதை வழியே நடந்து இறங்கக் கூடாது: பாதை மூடிய பிறகு பனியைச் சமன்செய்யும் இயந்திரங்கள் செங்குத்தான இடங்களில் இரும்பு வடத்தில் தங்களைக் கட்டிக்கொண்டு ஏறும், இருட்டில் அந்த வடம் கண்ணுக்குத் தெரியாது.